பிரெய்டு நல்லதுதான், நடுவில் அந்த முடிச்சுதான்

புதிதாக ஸ்பின்னிங் ரீல், அதாவது நரம்பு சுற்றும் தூண்டில் சக்கரம், வாங்கிய நண்பர் ஒருவர், "பிரெய்டு சுத்தட்டுமா, சாதா நைலான் நரம்பே போதுமா?" என்று கேட்டிருக்கிறார். பிரெய்டு என்றால் மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பின்னிய தூண்டில் நரம்பு. பாஸ் மீன் பிடிக்கத்தான். டெக்சாஸில் தூண்டில் பக்கம் போகிற நம் ஆட்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் லார்ஜ்மவுத் பாஸில் வந்து நிற்கிறோம். டென்டனுக்கு வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரியில் சில வருடங்களாக நான் ஓட்டுவது 10 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு, அதன் முனையில் 8 பவுண்டு புளோரோகார்பன் லீடர் (தூண்டில் முள்ளுக்கு முன்னால் கட்டும் வேறு வகை நரம்புத் துண்டு). ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

பிரெய்டைப் பற்றி என் புகார் எதுவும் பிரெய்டின் மேல் இல்லை. நைலான் இழுத்தால் நீளும். பிரெய்டு நீளாது என்றே சொல்லலாம். தண்ணீருக்கு அடியில் ஈயக்குண்டு சேற்றிலிருந்து கட்டை மேல் ஏறுவது கைக்குத் தெரியும். பாஸ் பிளாஸ்டிக் புழுவை வாயால் உறிஞ்சிவிட்டு, பிடிக்கவில்லை என்றால் நொடியில் துப்பிவிடும். நைலானில் அந்தக் கொத்து பாதி நேரம் தெரியாமலே போகும். பிரெய்டில் 'டொக்' என்று ஒரு தட்டு, அவ்வளவுதான், முள்ளை ஏற்றிவிடலாம்.

ஆயுளும் அப்படித்தான். நைலான் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் நைந்துபோகும், சீசனுக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். பிரெய்டு வெளுத்து, முன்பக்கம் பிசிறு தட்ட ஆரம்பித்தால், அப்படியே வேறொரு ஸ்பூலுக்குத் திருப்பிச் சுற்றினால் போதும். உள்ளே கிடந்த புது நரம்பு வெளியே வந்துவிடும். வாங்கும்போது விலை அதிகம் என்று தோன்றும், கணக்குப் பார்த்தால் அதிகமில்லை. ஒன்று மட்டும்: ஸ்பூலின் அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டைச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் மொத்தமாக வழுக்கிச் சுழலும், டிராக்தான் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) கெட்டுவிட்டது என்று ரீலைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பவுண்டு கணக்கில் மயங்க வேண்டாம். லேக் ஃபோர்க்கில் 1992 ஜனவரியில் பிடிபட்ட டெக்சாஸ் சாதனை மீனே 18.18 பவுண்டுதான். அப்புறம் எதற்கு ஐம்பது, அறுபத்தைந்து பவுண்டு பிரெய்டு? மீனுக்கு இல்லை, பாசிக்கு. கொடிக்குள் புகுந்த மீனைக் கொடியோடு பிடுங்கி எடுக்க வேண்டுமே. திறந்த தண்ணீருக்கு 10 பவுண்டு தாராளம். அது 2 பவுண்டு நைலான் அளவுக்குத்தான் தடிமன், அதனால் எறிந்தால் நன்றாகத் தூரம் போகும்.

சரி, லீடர் எதற்கு? 'தண்ணீரில் தெரியாது' என்று சொல்லித்தான் புளோரோவை விற்கிறார்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, புளோரோவுக்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல். எண் தண்ணீருக்கு நெருங்க நெருங்க கண்ணுக்குத் தெரிவது குறையும், அதனால் பொய் இல்லை. ஆனால் எனக்கு அது வேண்டியது வேறு காரணத்துக்காக. இந்த ஏரியில் ஸீப்ரா மஸ்ஸல் என்ற சின்னச் சிப்பி கல், கட்டை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விறைப்பாக நிற்கும் பிரெய்டு அதன் விளிம்பில் உரசினால் போச்சு. புளோரோ கீறல் விழுந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

ஆக, பிரெய்டும் வேண்டும், லீடரும் வேண்டும். அப்படியானால் நடுவில் ஒரு முடிச்சும் வேண்டும். இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டபுள் யூனி போட்டால் சுலபம், ஆனால் முடிச்சு தடிமன். ஒவ்வொரு எறிதலிலும் தூண்டில் கோலின் வளையங்களில் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே போகும். நுனி வளையத்தில் லேசாகத் தடங்கினால்கூட, பின்னால் வரும் பிரெய்டு அதன் மேல் வந்து விழுந்து சிக்காகிவிடும். நைலான் சிக்கை நகத்தால் எடுத்துவிடலாம். பிரெய்டு சிக்கைக் கத்தரிதான் எடுக்கும்.

எஃப்ஜி முடிச்சு மெல்லியது. லீடரை மடிக்காமல் நேராக வைத்து, பிரெய்டை அதன் மேல் மாற்றி மாற்றிச் சடை பின்னுவது போல இருபது சுற்று போட வேண்டும். ஒரு முனை பல்லில், ஒரு முனை விரலில், விறைப்பு ஒரு கணம்கூடத் தளரக் கூடாது. எச்சில் தடவி இழுக்கும்போது பிரெய்டின் நிறம் ஒரு சாயல் கறுக்கும்; அப்போதுதான் அது லீடரைக் கடித்திருக்கிறது என்று அர்த்தம். கறுக்கவில்லை என்றால் நல்ல மீன் மாட்டும் அன்றைக்கு உருவிக்கொண்டு போய்விடும். இதெல்லாம் வீட்டில் மேஜையில் சரி. படகு ஆடும்போது, தெற்குக் காற்று பிரெய்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது போட்டுப் பாருங்கள்!

லீடரைக் குட்டையாக வைத்தால் முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியிலேயே நிற்கும் என்பார்கள். நிற்கும்தான். ஆனால் லூர் (போலி இரை) மாற்றும் ஒவ்வொரு தடவையும் லீடரில் நாலைந்து அங்குலம் போகும். மதியத்துக்குள் ஒரு சாண்தான் மிச்சம், மறுபடியும் பல்லில் நரம்பு.

ரீல் முழுக்கப் புளோரோவே சுற்றலாமே என்றால், ஸ்பின்னிங் ரீலில் அது சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வரும். பெயிட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீலில் பிரமாதம்; 12 பவுண்டு போட்டுக் கிராங்க்பெய்ட் என்ற மூழ்கி நீந்தும் லூர் இழுக்க அதைவிட நல்லது இல்லை. முடிச்சை மட்டும் ஈரப்படுத்தாமல் இறுக்காதீர்கள், உரசும் சூட்டிலேயே பலம் போய்விடும். தள்ளுபடியில் வாங்கிய ஒரு புளோரோ, பெயர் வேண்டாம், ஈரப்படுத்தியும் முடிச்சில் அறுந்தது. தண்ணீர் மேல் மிதக்கும் பாப்பர் லூருக்குப் புளோரோ வேண்டாம். மூழ்கும், லூரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

எனக்கு முழு நிம்மதி கிடைப்பது பாசி மேல் தவளை லூர் ஓட்டும்போதுதான். தடித்த பிரெய்டு, நேராகப் பாலோமர் முடிச்சு, லீடரே கிடையாது.

நண்பருக்கு என் பதில்: இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், 8 பவுண்டு நைலானைச் சுற்றுங்கள். மலிவு, முடிச்சு ஒன்றே ஒன்று, அறுத்துப் போட்டதைப் படகுத்துறையில் பழைய நரம்புக்காக இருக்கும் மறுசுழற்சிக் குழாயில் போடலாம். பிரெய்டை அதில் போடக் கூடாது. கொத்துகள் கொஞ்சம் தவறும், தவறட்டும். பிரெய்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் என்னிடம் பாதி ஸ்பூல் இருக்கிறது, சும்மாவே தருகிறேன். முடிச்சு மட்டும் நான் போட்டுத் தர மாட்டேன்.