ஆத்தங்குடி கல்: குழவி விழுந்தால் தாங்குமா?

காரைக்குடி பக்கம் வீடு கட்டுபவர்கள் சமையற்கட்டுக்குக் கல் தேடும்போது பார்க்க வேண்டியது அடி தாங்கும் குணம். அம்மிக்குழவியோ பித்தளை அண்டாவோ கைதவறி விழும் இடம் அது.

காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்தான் ஆத்தங்குடி கல். இது சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, ஆக்சைடு நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணல்-சிமெண்ட் கலவையை அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். வெட்ரிஃபைடு டைல்ஸ் சுமார் 1200 டிகிரியில் வெந்து கண்ணாடி போல இறுகியது. வளைவைத் தாங்கும் பலத்தில் அதுதான் மேல். ஆனால் விரிசல் பிடித்தால் ஓரம் வரை ஓடிவிடும். ஆத்தங்குடி கல்லில் அடிபட்ட இடம் நொறுங்கிக் குழியாவதிலேயே அடியின் வேகம் பெருமளவு அடங்கிவிடும்.

எந்தக் கல்லானாலும் பிளவு பெரும்பாலும் கல்லின் அடிப்பக்கத்திலிருந்துதான் தொடங்கும். குண்டு துளைக்காத கவசத்தில் வைக்கும் அலுமினா, போரான் கார்பைடு என்னும் பீங்கான் வகைத் தகடுகளிலும் இதே கதைதான். அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும் பீங்கான், இழுவிசைக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். குண்டு பட்டதும் உள்ளே கூம்பு வடிவில் விரிசல் இறங்கும். தகடு பின்பக்கம் வளைந்து, அங்கிருந்து ஆரம் ஆரமாகப் பிளக்கும். அதனால்தான் பின்னால் அராமிட் அல்லது பாலிஎத்திலீன் இழைப் பலகையை இடைவெளியே இல்லாமல் ஒட்டுகிறார்கள். தாங்கல் விட்டுப்போன இடத்தில் தகடு முந்தி உடையும்.

தரையிலும் அப்படியே. நாலு மூலைக்கும் நடுவுக்கும் பொட்டுப் பொட்டாகப் பசை வைத்து ஒட்டிய டைல்ஸ், பொள்ளலான இடத்தில் விழும் முதல் குழவிக்கே நட்சத்திரமாகப் பிளந்துவிடும். ஆத்தங்குடி கல்லுக்குக் கலவையை முழுப்பரப்பிலும் பரப்பி, கையால் அழுத்தி மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சுத்தியலால் தட்ட விடவே கூடாது, நிறப் பரப்பில் மயிரிழை விரிசல் விழும். காய்ந்தபின் ஒவ்வொரு கல்லையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால் தயங்காமல் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும்.

வாங்கும்போது விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். மணல் உதிர்ந்தால் ஊறல் போதவில்லை. சிமெண்ட் பலம் பிடிக்க 28 நாள் ஆகும். அவசரத்துக்கு எடுத்த கல் வண்டியிலேயே மூலை உதிரும்.

முழுத் தாங்கலோடு பதிக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் சமையற்கட்டுக்கு எங்கள் ஓட்டு ஆத்தங்குடி கல்லுக்கே. ஒரே தடவையில் போட்ட கல்லில் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். ஆக்சைடு கையால் கலப்பது என்பதால், அடுத்த தடவை போடும் கல்லில் அதே நிறம் அமையாது.