பழையகோட்டையா, கருங்கல்பாளையமா, வாசலுக்கு வரும் வியாபாரியா?

"பசு 35 ஆயிரம் முதல் 80 ஆயிரம் வரை, வளர்ப்புக் கன்று 5 ஆயிரம் முதல் 20 ஆயிரம் வரை" என்கிற ரீதியில் வெள்ளிக்கிழமைப் பேப்பரில் ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை நிலவரம் வரும். திங்கட்கிழமை பழையகோட்டைக் கணக்கு: இத்தனை மாடு வந்தது, இத்தனை விற்றது, மொத்தம் இத்தனை லட்சம். இரண்டையும் படித்துவிட்டு, கட்டுத்தறியில் நிற்கும் மாட்டைப் பார்த்து மனசுக்குள் ஒரு விலை போட்டுக்கொள்ளாத குடியானவர் கொங்குப் பக்கம் குறைவு. ஆனால் 35க்கும் 80க்கும் நடுவில் நம் மாடு எங்கே நிற்கும் என்பதைப் பேப்பர் சொல்லாது. அதை எங்கே ஓட்டிப் போகிறோம் என்பதுதான் பாதி விலையை முடிவு செய்கிறது.

முதலில், காங்கயம் பக்கத்துப் பழையகோட்டை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. காங்கயம் இனத்துக்கு மட்டும்தான் இடம். குட்டப்பாளையத்து சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையத்தார் இனத்தைக் காப்பாற்றவென்று ஆரம்பித்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அதே மண்ணில் விலை போகிறது என்பது பொருத்தம்தான். காங்கயம் பசு நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் கறந்தாலே பெரிசு. அதனால் இங்கே வருகிறவர் பாலைக் கேட்பதில்லை. மயிலையா, செவலையா, காரியா, பிள்ளையா என்று நிறம் பார்ப்பார். கொம்பு வளைவு, திமில், வால் தொங்கல் பார்ப்பார். கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாசத்தில் நிறம் மாறும் என்பது தெரிந்தவராக இருப்பார். கடைசியாக மாட்டைச் சுற்றி வந்து உடம்பில் முடி சுழித்திருக்கும் சுழி பார்ப்பார். முதுகில் ஆகாது என்று ஒதுக்கும் பாடைச் சுழி இருந்தால், அதுவரை பேசிய பேச்செல்லாம் காற்றில் போகும். எனக்குச் சுழியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வாங்குபவருக்கு இருக்கிறதே, என்ன செய்ய? அப்படி ஒரு மாடு வைத்திருப்பவர் விலையைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு போவதே நல்லது.

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் நாட்டு மாட்டுக்குப் புது ஆட்கள் வந்தார்கள். வீட்டுப் பாலுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, இனவிருத்திக்கு விடும் பூச்சிக்காளைக்கு ஒன்று என்று தேடி வருகிறவர்கள். இவர்கள் தரகரை விட மாட்டுக்காரரிடமே பேசுவதை விரும்புகிறார்கள். இலட்சணமான கிடாரி (இன்னும் ஈனாத இளம் பசு) இருந்தால் இதற்கு நிகரான இடம் வேறில்லை. சிக்கல் என்னவென்றால் கூட்டம் சிறிசு. வந்தவருக்குப் பிடிக்கவில்லையென்றால் வண்டி வாடகை கொடுத்துத் திரும்ப ஏற்றி வர வேண்டியதுதான்.

கருங்கல்பாளையம் நேர் எதிர். புதன்கிழமை சாயங்காலமே லாரிகள் வந்துவிடும், வியாழக்கிழமை முழுச் சந்தை. கேரளா, கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரா, கோவா வியாபாரிகள் வருகிறார்கள். சிந்து, ஜெர்சி, கருப்பு வெள்ளை மாடு, முர்ரா எருமை என எதைக் கொண்டுபோனாலும் கேட்க ஆள் உண்டு. ஏலம் கிடையாது, விலையைச் சத்தமாகக் கூறுவாரும் கிடையாது. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போடுவார், உள்ளே விரலைப் பிடிப்பார். ஒரு விரல் பத்தாயிரமா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். தலையாட்டினால் அடுத்த விரல். பக்கத்தில் நிற்பவருக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். இந்தக் கலையை ரசிக்கலாம், ஆனால் விற்பவருக்கு இது பாதகம். பக்கத்து மாடு என்ன விலைக்குப் போனது என்று தெரியாமல் நம் மாட்டுக்கு விலை பேசுகிறோம். தரகர் ரெண்டு பக்கமும் பேசுகிறார்.

கறவை மாட்டுக்கு இங்கே மடிதான் எல்லாம். காலையில் கறக்காமல் ஓட்டி வந்து மடியைப் பெரிசாகக் காட்டுவது பழைய வித்தை, வியாபாரிகளுக்கும் அது அத்துபடி. இரண்டாம் ஈத்து (இரண்டாவது கன்று போட்டது), கன்று காலடியில், நேரில் கறந்து காட்டத் தயார் என்றால் தரகர் இல்லாமலே விலை ஏறும். தேர்தல் அறிவித்துவிட்டால் மட்டும் இந்தப் பக்கம் போக வேண்டாம். 50 ஆயிரத்துக்கு மேல் ரொக்கத்துக்குக் கணக்கு கேட்கும் பறக்கும் படை நிற்கும்போது வெளிமாநில வியாபாரி எப்படி வருவார்? 2023, 2025 என ஈரோடு கிழக்குக்கு அடுத்தடுத்து இரண்டு இடைத்தேர்தல் வந்தது சந்தைக்கு நல்லதாக இல்லை.

மூன்றாவது, வாசலுக்கு வரும் வியாபாரி. இவரைத் திட்டாதவர் கிடையாது, விற்காதவரும் கிடையாது. கணக்கைப் பார்ப்போம். சந்தையில் 55 ஆயிரம் கிடைக்கும் மாட்டை இவர் 50க்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 2,500, தரகு ஆயிரம், சுங்கம், ஆள் கூலி, சாப்பாடு என்று இன்னொரு ஆயிரம் போனால் வித்தியாசம் 500 ரூபாய். அதற்கு ஒரு நாள் காட்டு வேலை கெட வேண்டுமா? ஒற்றைக் கறவைக்கு இது சரி. ஆனால் பால் வத்திப்போன கிழட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் இவர் கண் மதிப்பில் விலை சொல்வார், அங்கேதான் நாம் தோற்கிறோம்.

அதற்கு ஒரு தையல்காரர் டேப் போதும். முன்னங்காலை ஒட்டி நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் உயிர் எடை ஏறக்குறைய வந்துவிடும். சுற்றளவு 28, நீளம் 26 உள்ள ஆட்டுக் கிடா கிட்டத்தட்ட 31 கிலோ. அதில் கறி பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். வியாபாரி "இருபத்தஞ்சு கிலோகூட தேறாதுங்க" என்னும்போது டேப்பை எடுத்தால் பேச்சின் தோரணையே மாறும்.

ஆக என் கட்சி: காங்கயம் கிடாரி, காளை என்றால் பழையகோட்டை, விற்க இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. நல்ல கறவை இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் கருங்கல்பாளையம், அப்போதுதான் வண்டிச் செலவு பிரியும். ஒற்றை மாடு, ஆடு என்றால் டேப்போடு வாசலிலேயே. பங்குனி, சித்திரையில் தீவனம் காய்ந்த நேரத்தில் எல்லோரும் விற்க வருவார்கள். முடிந்தால் அப்போது விற்காதீர்கள், ஒரு மழை பெய்தால் கேட்கும் விலையே வேறு.

கோமாரி (கால், வாய் நோய்) தடுப்பூசி போடாமல் எந்தச் சந்தைக்கும் ஏற்ற வேண்டாம். 2013இல் கோமாரி அடித்த அடியில் சந்தைகளையே மூடினார்கள். விற்காமல் திரும்பிய மாட்டை இரண்டு வாரமாவது தனியாகக் கட்டுங்கள். வாசலில் விற்றால் இந்தப் பயம் இல்லை என்று நினைப்பவர்கள், அந்த வியாபாரி நம் கட்டுத்தறிக்கு வருமுன் அன்று எத்தனை கட்டுத்தறி மிதித்து வந்தார் என்று கேட்டுப் பார்க்கலாம்.