ஒரு விரல் கிரீஸ் தடவாத ஹப்: 1,40,000 கிலோமீட்டர் ஓட்டிய பிக்கப்பின் முன் சக்கரம் பற்றி

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். அவரும் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்தான் வைத்திருக்கிறார், முன்னால் எங்கேயோ உறுமல் கேட்கிறதாம். "நீதான் ரெண்டு தடவை ஹப் மாத்தியிருக்கியே, விலை கம்மியா கிடைக்கிற பார்ட் போதுமா, இல்ல ஒரிஜினலே வாங்கணுமா?" என்றார். (ஹப் என்பது சக்கரம் பூட்டிச் சுற்றுகிற நடுப்பகுதி, பேரிங் அதற்குள்தான் இருக்கிறது.) அரை மணி நேரம் பேசியும் எனக்கு ஆறவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஏழு வருடம், 1,40,000 கிலோமீட்டர். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எதிலும் குறை இல்லை. சேற்றில் சிக்கிய மற்ற வண்டிகளை இதை வைத்து இழுத்துவிட்டிருக்கிறேன், இதை யாரும் இழுக்க வேண்டி வந்ததில்லை. என் கோபம் முழுக்க ஒரே இடத்தில்தான்: முன் சக்கரத்துக்குப் பின்னால், ஹப்பைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்புகிற நக்கிள் என்ற பகுதியில், ஹப் உட்காருகிற, ஒரு சாண்கூட அகலம் இல்லாத அந்த வட்டத் துளை.

இரைச்சல் ஆரம்பித்தது 1,08,000 வாக்கில். அது ஒரே நாளில் வருவதில்லை, அதுதான் ஏமாற்றுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஒரு உறுமல், 80-ல் கொஞ்சம் அதிகம், டயர் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். பார்த்த மெக்கானிக்கும் டயர் என்றுதான் சொன்னார். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் பார்த்தேன், இரைச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம்தான் நேரான காலியான சாலையில் ஸ்டியரிங்கை லேசாக இடம் வலமாக ஆட்டி ஓட்டினேன். இடது பக்கம் திருப்பினால் சத்தம் ஏறியது, வலது பக்கம் திருப்பினால் இறங்கியது. இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் சாயும், அதனால் சந்தேகம் வலது ஹப் மீது. ஜாக் போட்டுத் தூக்கி, ஒரு கையை காயில் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். ஸ்பிரிங்கில் மணலை அரைப்பதுபோல ஒரு அதிர்வு. இடது பக்கம் அப்படி இல்லை. நண்பரும் இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் பார்ட் வாங்க வேண்டும். சில பிக்கப்களில் முன் ஆக்ஸிலைச் சக்கரத்தோடு இணைக்கவும் பிரிக்கவும் வேக்குவத்தில் இயங்கும் வளையம் ஒன்று உண்டு. அதற்குப் போகிற குழாயில் கசிவு இருந்தாலும் முன் சக்கரத்தில் அரைகிற சத்தம் வரும், அதற்கு ஹப்பை மாற்றிப் பயனில்லை.

பழைய வண்டிகளில் பேரிங்கைக் கழற்றி, கழுவி, கிரீஸ் அடைத்து மறுபடி போடலாம். இப்போதைய ஹப் அசெம்பிளி அப்படி இல்லை. பேரிங், சக்கரம் மாட்டுகிற ஃபிளாஞ்ச் என்ற தட்டு, நக்கிளில் பூட்டுகிற ஃபிளாஞ்ச், பல வண்டிகளில் ஏபிஎஸ்ஸுக்கான (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) சென்சாரும் சேர்த்து மூடி முத்திரையிட்ட ஒரே பொருள். கெட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, ஒரு லட்சம் கிலோமீட்டர் கை படாமல் உழைத்த பொருளை எப்படிக் குறை சொல்வது? பின்னாலிருந்து நான்கு போல்ட், நடுவில் ஒரு ஆக்ஸில் நட். படத்தில் பார்த்தால் இரண்டு மணி நேர வேலை.

எனக்கு இரண்டு நாள் ஆனது.

சக்கரம், டிஸ்க்கை நெருக்கிப் பிடிக்கிற பிரேக் கேலிப்பர், டிஸ்க் எல்லாம் சிரமமில்லாமல் வந்துவிட்டன. கேலிப்பரை பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினேன். ஆக்ஸில் நட்டை, கேலிப்பரைக் கழற்றும் முன்பே, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீளமான குழாய் மாட்டித் தளர்த்தியிருந்தேன். நான்கு போல்ட்டுகளும், சிவி ஜாயின்ட்டுக்கும் (ஆக்ஸில் முனையில் வளைந்து சுற்றுகிற மூட்டு) நக்கிளுக்கும் நடுவே சாக்கெட் நுழைவதற்கே இடமில்லாமல் கஷ்டப்படுத்தினாலும், கழன்றுவிட்டன. ஆனால் ஹப் அசையவில்லை. ஒரு போல்ட்கூட இல்லை, ஒன்றுமே பிடித்திருக்கவில்லை, இருந்தும் நக்கிளோடு வார்த்ததுபோல நின்றது. துரு, இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். பல வருட மழையும் சேறும் அந்தச் சின்ன இடைவெளியில் புகுந்து, துருவாக வீங்கி, உள்ளே நெருக்கிப் பிடித்துவிட்டது. துருவை நெகிழ்த்தும் எண்ணெயை அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். மறுநாள் ஃபிளாஞ்சைச் சுற்றிச் சுற்றி சம்மட்டியால் அடித்தேன். மதியம் ஃபிளாஞ்ச் மட்டும் கையோடு வந்துவிட்டது. பேரிங்கின் வெளி உடல் நக்கிளுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. கடைசியில் பழைய போல்ட்டுகளை நான்கைந்து சுற்று மட்டும் ஏற்றி, ஆக்ஸிலை உள்ளே தள்ளி ஒதுக்கிவிட்டு, போல்ட் தலைகளில் ஒன்று மாற்றி ஒன்று அடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தேன். டஸ்ட் ஷீல்டு வளைந்து கிழிந்தது. துளையின் உள்சுவரைத் தேய்த்துப் பார்த்தால் செதில் செதிலாகத் துரு, கிரீஸின் அடையாளம்கூட இல்லை. தொழிற்சாலையில் பூட்டும்போது அந்தத் துளையில் ஒரு விரல் கிரீஸ் தடவியிருந்தால் போதும். மழையிலும் ஆற்றிலும் இறங்கும் என்று சொல்லி விற்கிற வண்டி இது. இத்தனை யோசித்துக் கட்டியவர்களுக்கு இது தோன்றாமல் போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, பார்ட் விஷயம். அப்போது கையில் பணம் இறுக்கம், விலை குறைந்த ஹப்பைத்தான் வாங்கினேன். முதலில் வந்த பெட்டியில் நடுத் துளையில் ஸ்பிளைனே (ஆக்ஸிலோடு கோத்துக்கொள்கிற பற்கள்) இல்லை, பின் சக்கர இயக்க மாடலுக்கானது. திருப்பி அனுப்பி மாற்றினேன். வாங்குபவர்கள் ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள், சென்சார் கனெக்டரைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு பழையதைக் கழற்றுங்கள். மாட்டும் முன் துளையையும் ஃபிளாஞ்ச் உட்காரும் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் பளபளப்பு வருகிறவரை தேய்த்தேன். அங்கே ஒரு துருச் செதில் இருந்தாலும் ஹப் சாய்ந்து உட்காரும், பிரேக் பிடிக்கும்போது பெடல் துடிக்கும். அதன் பிறகு அந்தத் துளையில் கிரீஸ் தடவினேன், மெல்லிய ஒரு பூச்சுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆக்ஸில் நட்டை, எத்தனை முறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச்சால்தான் முடிக்க வேண்டும், அதுவும் புது நட் போட்டு. என்னுடையது போன்ற ஹப்பில் அந்த நட்தான் பேரிங்கின் உள் வளையங்களை நெருக்கிப் பிடிக்கிறது. தளர்வாக விட்டாலோ, நட்டை முறுக்காமலேயே வண்டியைத் தரையில் இறக்கி நகர்த்தினாலோ புது பேரிங் அன்றைக்கே கெட ஆரம்பித்துவிடும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள், பக்கத்து வண்டிக்காரர் சொன்ன எண்ணை நம்பாதீர்கள். சென்சார் ஒயரையும் பழைய கிளிப்புகளிலேயே மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள்.

விலை குறைந்த அந்த ஹப் 19,000 கிலோமீட்டர் வந்தது. அது கெட்டது இரைச்சலால் இல்லை, ஏபிஎஸ்ஸால் தெரிந்தது. சிக்னலில் வண்டி நிற்கப் போகிற கடைசி நொடியில், நடக்கிற வேகத்தில், காய்ந்த சாலையில், பெடல் கடகடவென்று காலைத் தள்ளியது. பேரிங்கில் ஆட்டம் வந்து சென்சாருக்கும், அது வேகம் பார்க்கிற, சக்கரத்தோடு சுற்றும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது, சக்கரம் பூட்டிக்கொண்டதாக ஏபிஎஸ் தவறாகப் புரிந்துகொண்டு பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்திருக்கிறது. முன்னால் ஒரு பைக் நின்றுகொண்டிருந்தது. அரை அடியில் நின்றேன். அன்றோடு விலை குறைந்த ஹப் பற்றிய என் யோசனை முடிந்தது. அந்த ஹப்புக்கும் நியாயம் சொல்ல வேண்டும்தான்: நான் அகலமான டயரும் வெளியே தள்ளி நிற்கிற ரிம்மும் போட்டிருக்கிறேன், அது பேரிங்குக்குக் கூடுதல் சுமை. ஓடிச் சூடான ஹப்போடு இரண்டு தடவை ஆழமான தண்ணீரில் இறங்கியும் இருக்கிறேன், சட்டென்று குளிர்ந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆனால் அதே ரிம், அதே டயர், அதே தண்ணீரோடுதான் ஒரிஜினலும் ஓடியது.

இரண்டாவது தடவை கழற்றியதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான்கு போல்ட் கழற்றினேன், ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. ஹப் கையில் வந்து விழுந்தது. துளைக்குள் நான் தடவிய கிரீஸ் கறுத்துப்போய், ஆனால் ஈரமாக அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சக்கரம் கழற்றியதிலிருந்து மறுபடி மாட்டியதுவரை ஒன்றே முக்கால் மணி நேரம். இப்போது ஒரிஜினல் போட்டு 9,000 கிலோமீட்டர் ஆகிறது. 100-ல் போகும்போது காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் மெதுவாகப் பேசினாலும் காதில் விழுகிறது. இது இத்தனை அமைதியான வண்டி என்பதையே நான் மறந்திருந்தேன்.

நண்பருக்கு என் பதில்: ஹப் ஒரிஜினல் வாங்கு. பார்ட்டுக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். ஆனால் "அப்போ புதுசா இதே வண்டியை வாங்கலாமா?" என்று அவர் கடைசியாகக் கேட்டதற்கு, வேண்டாம் என்றேன். இத்தனை புகழ்ந்துவிட்டு ஏன் என்று கேட்டார். அந்தத் துளையில் இன்னும் அவர்கள் கிரீஸ் தடவாமல்தான் பூட்டுகிறார்களோ என்னவோ, அது தெரிகிறவரை வாங்கச் சொல்ல என் வாய் வராது.

இடது பக்க ஹப் இன்னும் தொழிற்சாலையில் பூட்டியதேதான். இன்னும் சத்தம் வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த நான்கு போல்ட்டைச் சுற்றியும் விளிம்பிலும் எண்ணெய் அடித்து வைக்கிறேன், நேற்றும் அடித்தேன்.