ஆன்லைன் பிளான் அப்ரூவல்: பர்மிட் உடனே வந்துச்சு, தண்ணிதான் வடியல

திருவாரூர் பக்கம், டவுனை ஒட்டின ஒரு ஊராட்சில வீடு கட்டி குடி வந்துட்டோம். 2024 ஜூலைல அரசு கொண்டு வந்த சுயசான்று முறைலதான் பிளான் அப்ரூவல் வாங்கினேன், எப்படி இருக்குன்னு நாலஞ்சு பேர் கேட்டீங்க, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500 சதுர அடிக்குள்ள வீடுன்னா இதுல போடலாம். கிரயப் பத்திரம், பட்டா, மனை போட்டோ, இன்ஜினியர் போட்ட பிளான் எல்லாத்தையும் ஏத்தி பணத்த கட்டினா பர்மிட் வந்துடுது, அவ்ளோதான். எங்க அண்ணன் வீடு கட்டுறப்ப இதே பேப்பருக்கு செருப்பு தேய அலைஞ்சாரு, நான் ஒருத்தருக்கு டீ கூட வாங்கித் தரல. வேகத்துக்கு கண்ண மூடிட்டு அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

எப்படி இவ்ளோ வேகம்னா, முன்கூட்டி யாரும் மனைய வந்து பாக்கறதில்ல. எல்லாம் சரியா இருக்குன்னு நாமளே சொல்லிக்கிறோம், அதான் சுயசான்று. சைடுல எவ்ளோ விட்டிருக்க, ரோடு எத்தன அடி, இதுக்கெல்லாம் கணக்கு இருக்கு. மழைநீர் சேகரிப்பு பிளான்ல காட்டியே ஆகணும், 2003லேர்ந்து இருக்குற சட்டம், நானும் குழி வெட்டி ஜல்லி போட்டு பக்காவா செஞ்சேன். கார்த்திகைல அந்தக் குழி எங்க இருக்குன்னே தெரியல, முழங்கால் தண்ணிக்கு அடில கெடந்துச்சு. ஆறு நாள்!

பெருமழைன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். 2022 நவம்பர்ல சீர்காழில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் ஊத்துச்சே, அதுக்கு எந்த ஆபீஸ் என்ன பண்ணிட முடியும். இது அப்படி இல்ல, ரெண்டு நாள் சாதாரண கார்த்திகை மழை, அக்கம்பக்கத்து வயல்ல எல்லாம் வடிஞ்சுடுச்சு, எங்க நகர்ல மட்டும் நிக்குது.

ஏன்னு தேடிப் போனப்பதான் விஷயமே புரிஞ்சுது. டெல்டா தரை தட்டு மாதிரி, சரிவுன்னு பெருசா ஒன்னும் கிடையாது, மழைத் தண்ணி வயலுக்கு வயல் மடை வழியா எறங்கி, கன்னி வாய்க்கால்னு சொல்ற சின்ன வாய்க்கால்ல சேர்ந்து, அப்பறம் வடிகால், அப்பறம் ஆறு, கடைசில கடல். இதுல ஒரு எடத்துல அடைச்சா பின்னாடி இருக்குறது அம்புட்டும் குளம்தான். வாய்க்கால் புறம்போக்குன்னா எஃப்எம்பி ஸ்கெட்ச்ல, அதான் சர்வே நம்பருக்கு இருக்குற நில அளவை வரைபடத்துல, கோடு இருக்கும், வரப்ப வெட்டி விட்ட வழிக்கு ஏது கோடு? நஞ்சைய மனையா பிரிச்சப்ப அந்த மடையெல்லாம் மண்ணடிச்சு மூடியாச்சு. மிச்சம் இருந்த ஒரே வாய்க்கால் மேல நகருக்கு ரோடு போட்டாங்க பாருங்க, அடில வச்சது ரெண்டு அடி சிமெண்ட் குழாய் ஒன்னே ஒன்னு, அதுலயும் பாதி ஆகாயத்தாமரை.

பக்கத்து வயல்காரர் ஒரு பெரியவர் இருக்காரு. "தம்பி, இது தண்ணி வந்து படுக்குற எடமாச்சே, வாங்குறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே"ன்னாரு. அவர் வீடு எங்க மனைலேர்ந்து கூப்பிடு தூரம். நான் எங்க கேட்டேன், அப்ரூவ்டு மனையான்னு கேட்டேன், ஆமான்னாங்க, சித்திரை வெயில்ல வந்து பாத்தேன், தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு.

சரி யார்கிட்ட சொல்றது? ஊராட்சில கேட்டா வாய்க்கால் எங்களுது இல்ல, நீர்வளத்துறைய பாருங்கங்கறாங்க. அங்க போனா ஏ, பின்னு பிரிச்ச பெரிய வாய்க்கால்தான் நாங்க பாக்குறோம், இது டி, கடைசில வர்ற சின்ன வாய்க்கால், நீங்க ஊராட்சிக்கே போங்கங்கறாங்க. மனைப்பிரிவுக்கு அப்ரூவல் குடுத்த எடத்துல, அது எப்பவோ முடிஞ்ச ஃபைல் சார்னு பதில். மூனு பேரும் மரியாதையாதான் பேசினாங்க, அத சொல்லணும். ஆனா மேட்டூர் அணை தொறக்குறதுக்கு முந்தி வருஷா வருஷம் தூர்வார்றாங்களே, அந்த மிஷின் எங்க குழாய் பக்கம் வந்ததே இல்ல.

இதுக்கு நடுவுல ஆளாளுக்கு மண்ணடிச்சு ஏத்துறாங்க. நான் ரெண்டரை அடி பேஸ்மென்ட் போட்டேன், எதிர் வீட்டுக்காரர் நாலு அடி, இப்ப அவர் வாசல் தண்ணி என் வாசல்ல. பழைய ரோட்ட சுரண்டாம மேல ரோடு போடக்கூடாதுன்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாரு, ரோட்டுக்கு அப்படி சொல்ல ஆள் இருக்கு, மனைக்கு எவ்ளோ ஒசத்தலாம்னு எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல.

ஆன்லைன் சர்வீஸ மட்டும் பாத்தா அஞ்சு, வீட்டுக்குள்ள இருந்து பாத்தா ரெண்டு. என்னைக் கேட்டா பழையபடி சின்ன வீட்டுக்கெல்லாம் ஆபீசர் வந்து பாக்கணும்னு சொல்ல மாட்டேன், அது வேற தலைவலி. மனையா பிரிக்கிறப்பவே, ஒரே ஒரு தடவ, மழ பெய்யுற மாசத்துல வந்து நின்னு பாத்திருந்தா போதும்.

வாங்கப் போறவங்க உங்க சர்வே நம்பரோட விடாம சுத்தி இருக்குற நம்பருக்கும் எஃப்எம்பி எடுத்துப் பாருங்க, ஐப்பசில ஒரு தடவ போய் நில்லுங்க. குழாய எடுத்துட்டு பாலமா கட்டித் தரச்சொல்லி நாங்க மனு குடுத்திருக்கோம், ரசீது கைல இருக்கு. இடத்த பாக்க வர்றேன்னாங்க, வந்தாங்க, தை பொறந்து தண்ணியெல்லாம் வடிஞ்ச அப்பறம்.