ட்ரே இருக்கா? ஜீ.எஸ்.எம் எதிர் சீ.டி.எம்.ஏ, அன்ட்ரொய்ட் எதிர் ஐபோன்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் பல வருடமாக ஒரு சீ.டி.எம்.ஏ போன் குந்தியிருந்தது. பார்க்க மேசைப் போன் மாதிரி, ஆனால் வயர் கிடையாது. அன்டெனாவைக் கடல் பக்கம் சாய்த்தால் சிக்னலில் ஒரு கோடு கூடும். 2000களின் நடுவில் டெலிகொம், சன்டெல், லங்கா பெல் என்ற மூன்று தொலைபேசி நிறுவனங்களும் இந்தச் செட்டுகளைப் போட்டி போட்டு விற்றன. கைபேசிக்கு வருகிற அழைப்புக்கும் காசு வெட்டிய காலம் அது, அதனால் வீட்டில் சீ.டி.எம்.ஏ, சட்டைப்பையில் ஜீ.எஸ்.எம் என்று இரண்டையும் வைத்திருந்தோம்.

இரண்டும் பேச்சை வயரில்லாமல் அலையில் அனுப்பும் முறைகள்தான், ஆனால் அடிப்படையிலேயே வேறு. ஜீ.எஸ்.எம் ஐரோப்பாக்காரர் கூடிப் பேசி உருவாக்கியது, 1991இல் பின்லாந்தில் தொடங்கி 1995இல் டயலொக் நிறுவனம் மூலம் இலங்கைக்கு வந்தது. ஒரு அலைவரிசையை எட்டு நேரத் துண்டுகளாக வெட்டி ஆளுக்கொன்று கொடுக்கும், வங்கி வரிசை மாதிரி. சீ.டி.எம்.ஏ அமெரிக்காவின் குவால்கொம் நிறுவனம் வளர்த்த பிள்ளை. அதில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு. புறக்கோட்டையில் பஸ் கண்டக்டர்மார் 100, 101, 138 என்று பாதை இலக்கங்களைச் சேர்ந்து கத்தினாலும் மொரட்டுவைக்குப் போகிறவர் காதில் 101 மட்டும்தானே விழும், அதே சங்கதிதான்.

தொழில்நுட்பத்தில் சீ.டி.எம்.ஏதான் கெட்டிக்காரன் என்பேன். 3ஜீ வந்தபோது ஜீ.எஸ்.எம் கூட்டமே குறியீட்டு முறைக்கு மாறியது. 2006இல் டயலொக் தொடங்கிய 3ஜீயும் உள்ளே அதே யோசனைதான், குவால்கொம்முக்குக் காப்புரிமைக் காசு போய்க்கொண்டே இருந்தது. பெயரில் தோற்று வருமானத்தில் வென்ற கதை. அப்புறம் 4ஜீயில் இரண்டு முறையையும் தூக்கிப்போட்டார்கள். குவால்கொம் தனக்கென்று வைத்திருந்த யூ.எம்.பி என்ற அடுத்த தலைமுறை முறையை 2008இலேயே கைவிட்டு, 4ஜீயாக நாம் பாவிக்கிற எல்.டீ.ஈ பக்கம் வந்துவிட்டது.

சரி, பிறகு கடையில் ஜீ.எஸ்.எம் எப்படி வென்றது? சிம்மால்தான். எங்கள் சீ.டி.எம்.ஏ செட்டில் சிம் போட இடமே கிடையாது, இலக்கம் செட்டுக்குள்ளேயே பதிந்திருந்தது. ஒருநாள் அதன் கீபேட் செத்தது. நிறுவனத்தின் கவுண்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால், "புது செட் எடுங்கோ, பழையதைத் திருத்த மாட்டோம்" என்றார்கள், அம்மா பதிந்து வைத்திருந்த யாழ்ப்பாண இலக்கங்கள் அத்தனையும் அதோடு போயின. அதே மாதம் என் நோக்கியா தண்ணீரில் விழுந்தது. சிம்மைக் கழற்றி மச்சானின் பழைய செட்டில் போட்டேன், அஞ்சு நிமிட வேலை.

அன்ட்ரொய்ட், ஐபோன் சண்டையையும் நான் இந்தக் கண்ணாலேயே பார்க்கிறேன்: ஒன்றை விட்டு மற்றதுக்குப் போவது எவ்வளவு சுலபம்? சிம்பியன், விண்டோஸ் போன் என்ற மற்றப் போட்டியாளர் எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று, அவற்றை விடுங்கள். தமிழில் ஐபோன் முந்திக்கொண்டது: 2013இல் ஐ.ஓ.எஸ் 7 தமிழ் விசைப்பலகையோடே வந்தது, பழைய அன்ட்ரொய்டிலோ தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இன்று இரண்டிலும் தமிழ் நன்றாக இருக்கிறது, அதனால் அந்தப் புள்ளி அடிபட்டுப்போனது. விலையில் அன்ட்ரொய்டை அடிக்க முடியாது, அதிலும் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் ஏறிய பிறகு. ஐபோனின் பலம், பழைய செட்டுக்கும் பல வருடம் அப்டேட் வருவது. விட்டு வெளியேறும்போதுதான் வலிக்கும். ஐபோனிலிருந்து அன்ட்ரொய்டுக்கு வட்ஸ்அப் பேச்சுகளைக் கொண்டுபோக 2021 வரை முறையான வழியே இல்லை, அதுவும் முதலில் சாம்சங்குக்கு மட்டும்தான் திறந்தது.

போன வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஐபோன் 14 ஒன்று தந்தார். சிம் போட ஊசியோடு உட்கார்ந்து நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓட்டையைக் காணவில்லை. அமெரிக்காவில் விற்ற 14இல் சிம் வைக்கிற ட்ரேயே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கிற, கழற்ற முடியாத இ-சிம் மட்டும்தான். கனடாவில் விற்ற அதே 14இல் ட்ரே உண்டு. இ-சிம் இங்கேயும் எடுக்கலாம், வேலையும் செய்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் செட் செத்தால் கழற்றி மச்சானின் போனில் போட கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே 14இலோ அதற்குப் பிந்தியதிலோ ஒன்றை யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்றால், நிறத்தையும் ஜீபியையும் கேட்கிறதுக்கு முதல் ட்ரே இருக்கா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, இப்போது அந்த ஐபோன் வீட்டு வைஃபையில் தங்கச்சிக்கு, என் சிம் 45,000 ரூபாய் அன்ட்ரொய்டில்.