கோப்புக்குப் பூட்டு: 7-ஜிப், வெராகிரிப்ட், கிரிப்டோமேட்டர் – எது எதற்கு?

பத்திர ஸ்கேன், பான் கார்டு, வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். அதைப் பூட்ட வழி தேடினால் முதலில் வந்து நிற்பவை 'பிடிஎஃப் லாக்' செய்து தரும் இணையதளங்கள். அவற்றில் பல, பூட்டுவதற்கு முன்பே கோப்பைத் தங்கள் சர்வருக்கு ஏற்றச் சொல்கின்றன. பூட்டு மாட்டித் தரச் சொல்லி பீரோவையே கடையில் இறக்கிவிட்டு வருகிற கதை அது. ஆகவே அவற்றை விட்டுவிடுவோம்.

நம் கம்ப்யூட்டரிலேயே இயங்கும் இலவச மென்பொருள்கள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டு முறை கிடைக்கிறது. பூட்டின் வலுவை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. கோப்பு எங்கே இருக்கப்போகிறது என்பதைப் பார்த்தால் போதும்.

ஆடிட்டருக்கு ஒருமுறை மெயிலில் அனுப்ப வேண்டும் என்றால் 7-ஜிப். ரைட் கிளிக் செய்து 'ஆட் டு ஆர்க்கைவ்' போய், ஃபார்மட்டில் 7இசட் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டை இருமுறை அடித்து, 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' பெட்டியில் டிக் போடுங்கள். அந்த டிக்கை மறந்தால் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாதே தவிர, 'விவாகரத்து மனு' என்ற பெயரை எவரும் படிக்கலாம். 7இசட்டுக்குப் பதில் ஜிப் ஃபார்மட்டை எடுத்தால் இன்னொரு வம்பு: தானாக வருவது ஜிப்கிரிப்டோ என்ற பழைய முறை. உள்ளிருக்கும் கோப்பில் 12 பைட் தெரிந்தாலே, நிலைமை வாய்த்தால், அதை உடைக்கும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே ஏஇஎஸ்-256ஐ நாமே மாற்றி வைக்க வேண்டும். பெயர்கள் அப்போதும் மறையாது.

பலர் கவனிக்காத ஓட்டை வேறு ஒன்று. பூட்டிய பிறகும் மூலக் கோப்பு பழைய இடத்தில் அப்படியே இருக்கும். ஆர்க்கைவுக்குள்ளேயே டபுள் கிளிக் செய்து திறந்தால் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டரில் பூட்டில்லாத நகல் ஒன்று உருவாகும். நடுவில் கரண்ட் போனால் அது அங்கேயே தங்கிவிடும். அதனால் தினமும் திறந்து திருத்தும் கோப்புகளுக்கு 7-ஜிப் சரிப்படாது.

அந்த வேலைக்கு வெராகிரிப்ட். 2 ஜிபி, 10 ஜிபி என்று அளவு சொல்லி ஒரு பெட்டகக் கோப்பை உருவாக்கினால், மவுன்ட் செய்ததும், அதாவது பாஸ்வேர்ட் கொடுத்துத் திறந்ததும், தனி டிரைவாகத் தெரியும். ஃபார்மட் கேட்கும் இடத்தில் ஃபேட் வைத்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு உள்ளே போகாது, எக்ஸ்ஃபேட் வையுங்கள். டிஸ்மவுன்ட் செய்து மூடாமல் பென் டிரைவைப் பிடுங்கினால் உள்ளிருப்பது கெடலாம். அட்மின் உரிமை தராத ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் திறக்கவே முடியாது. கூகுள் டிரைவில் வைப்பது இதன் பெரிய பலவீனம். உள்ளே என்ன மாற்றினாலும் பெட்டகத்தின் அளவு மாறாது. செட்டிங்கை மாற்றாதவரை தேதியும் மாறாது. அதனால் கோப்புகளைக் கிளவுடுக்கு ஏற்றும் சிங்க் செயலி, மாற்றத்தை மேலே ஏற்றாமல், ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடலாம்.

கிளவுடுக்கு என்றே வந்தது கிரிப்டோமேட்டர். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டுவதால் 200 ஆவணங்களில் ஒன்றைத் திருத்தினால் அந்த ஒன்று மட்டுமே மேலே ஏறும். பெயர்கள் மறைந்துவிடும்; எத்தனை கோப்பு, எவ்வளவு பெரிது என்பது மறையாது. அதன் வால்ட்டுக்குள் (பூட்டிய ஃபோல்டருக்குள்) மாஸ்டர்கீ என்று ஒரு கோப்பு இருக்கும். டிரைவில் இடம் காலி செய்கிறேன் என்று யாராவது அதை நீக்கிவிட்டால் பாஸ்வேர்ட் தெரிந்தும் பயனில்லை. வால்ட் உருவாக்கும்போது ரெகவரி கீ வேண்டுமா என்று கேட்கும். அந்தச் சொற்கோவையை அச்செடுத்து வையுங்கள். மாஸ்டர்கீ, ரெகவரி கீ இரண்டும் போனால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது.

இனி பாஸ்வேர்ட். அவற்றைச் சேர்த்து வைக்கத் தனிச் செயலிகள் உண்டு. போன், லேப்டாப் இரண்டிலும் வேண்டும் என்பவர்களுக்கு பிட்வார்டன். இலவசக் கணக்கிலேயே எண்ணிக்கை வரம்பில்லை. எதுவும் வெளியே போகக் கூடாது என்பவர்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி. எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும், காப்பி எடுப்பது நம் பொறுப்பு. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இதே வகைச் செயலியின் வால்ட்டுகளின் நகல்கள் திருடுபோனபோது தளங்களின் முகவரிகள் பூட்டப்படாமலே இருந்தன. அன்று காப்பாற்றியது மொத்த வால்ட்டையும் திறக்கும் ஒவ்வொருவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டின் வலுதான்.

அந்த பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே ஒகரக் குறி, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. கீபோர்டு மாறினால் கதவு திறக்காமல் போகலாம். தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும்.

இ-ஆதார் பிடிஎஃப்பில் ஏற்கெனவே பூட்டு இருக்கிறதே என்று வெளியே விட்டுவைக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அதன் பாஸ்வேர்ட். கல்யாணப் பத்திரிகை வாங்கிய சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு அது தெரியும்.