ஷேடோஸா யோட்டெயா: எந்த டிஸ்க்க வச்சுக்கிட்டேன், ஏன்

ஒரு கேம் சீரிஸ் ஒரே ஹீரோவ வச்சு பேர் வாங்கிருச்சுன்னா அடுத்து என்ன பண்ணணும்ங்கிற சண்ட இன்னக்கி நேத்து ஆரம்பிச்சது இல்ல. 2001ல மெட்டல் கியர் சாலிட் 2ல பழைய ஹீரோ ஸ்னேக்க ஆசையா எதிர்பாத்தவங்க கையில ரெய்டன்னு ஒரு புது ஆள குடுத்தாங்க, அப்ப ஆரம்பிச்ச பஞ்சாயத்து இன்னும் முடியல. அதே ஆள வச்சே ஓட்டலாம், ஹிட்மேன் 2000ல இருந்து ஏஜென்ட் 47ஐ வச்சே தான் ஓடுது. ஆள மாத்தலாம். இல்ல ரெண்டு மூணு பேர ஒரே கேம்ல எறக்கி விடலாம். நான் எந்த பக்கம்னு மொதல்லயே சொல்லிர்றேன்: ஆள தாராளமா மாத்தட்டும், ஆனா ஒரு கேமுக்கு ஒரு ஆள் போதும்.

2025ல இத நேருக்கு நேர் வச்சு பாக்க தோதா ரெண்டு கேம் வந்துச்சு. மார்ச் 20ல அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ், அக்டோபர் 2ல கோஸ்ட் ஆஃப் யோட்டெய். ரெண்டும் ஜப்பான், ரெண்டும் கத்திச் சண்ட, ஷேடோஸ் கதை 1579ல தொடங்குது, யோட்டெய் 1603ல நடக்குது. முதல் கேம்ல நவோயே, யசுகேன்னு ரெண்டு ஹீரோ. ரெண்டாவதுல, முந்தின கேமான கோஸ்ட் ஆஃப் சுஷிமாவோட ஹீரோ ஜின் சகாய்ய அப்படியே விட்டுட்டு அட்சுன்னு புது ஆள், ஒரே ஆள். மச்சான் சவுதியில இருந்து வந்தப்ப கொண்டாந்த பிஎஸ் 5 எங்க வீட்ல தான் இருக்கு, ரெண்டு டிஸ்க்கும் கொஞ்ச நாள் ஒன்னா கிடந்துச்சு, ஒன்ன குடுத்துட்டு அடுத்ததுக்கு காசு சேப்போம்னு முடிவு பண்ணினப்ப ஷேடோஸ குடுத்துட்டு யோட்டெய வச்சுக்கிட்டேன்.

பாக்குறதுக்கு ரெண்டும் அம்புட்டு அழகு, அதுல சண்டையே இல்ல. ஷேடோஸ்ல மழை, பனி, பூன்னு பருவம் மாறுறது நிஜமாவே கண்ணுக்கு விருந்து, யோட்டெய்ல காத்து புல்ல சாய்ச்சு வழி காட்டுறது முந்தின கேம்ல இருந்தே தெரிஞ்ச விஷயம். விலையும் கிட்டத்தட்ட ஒன்னு தான். இதெல்லாம் வச்சு யாரும் முடிவு பண்ணப்போறது இல்ல.

நான் முடிவு பண்ணினது கைய வச்சு. கைப்பழக்கம். இத கொஞ்சம் விளக்கி சொல்றேன், ஏன்னா ரிவ்யூ போடுறவங்க கேம மொத்தமா உக்காந்து முடிச்சிட்டு எழுதுறாங்க, எங்க பக்கம் யாரும் அப்படி விளையாடுறது இல்ல.

ராமேஸ்வரத்துல விசைப்படகுக்கு திங்கள், புதன், சனி தான் கடல். காலைல போனா மறுநாள் காலைல கரை, வந்து மீன எறக்கி, எறால தனியா, சங்காயம்ங்கிற கழிவு மீன தனியா பிரிச்சு, வலைய பாத்து, தூங்கி எந்திரிச்சா சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம் கெடைக்கும். அந்த நேரத்துல கரண்ட் இருக்கணும். சில வாரம் கண்ட்ரோலர தொடவே முடியாது. காத்து பலமா இருக்கு, கடலுக்கு போக டோக்கன் கிடையாதுன்னு சொல்லிட்டா அன்னக்கி பூரா விளையாட்டு. அப்புறம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள், அப்ப தான் ஒழுங்கா உக்காந்து ஒரு கேம முடிக்க முடியும். நான் ஷேடோஸ ஆரம்பிச்சது அந்த தடைக்காலத்துல தான், அப்ப ஒரு குறையும் தெரியல. ஜூன்ல திரும்ப கடலுக்கு போக ஆரம்பிச்ச பிறகு தான் கஷ்டம் தெரிஞ்சுச்சு.

நவோயே இகா ஊரு ஷினோபி, அதாவது நிஞ்ஜா. தரையோட தரையா படுத்து ஊர்ந்து போவா, விளக்க அணைச்சு இருட்டாக்குவா, கொக்கிக் கயிற வீசி கூரை மேல ஏறுவா. சண்டைன்னு வந்துட்டா நாலு பேருக்கு மேல தாங்க மாட்டா, ஓடணும். யசுகே அதுக்கு நேரெதிர். ஓடா நோபுநாகாங்கிற ஜப்பான் படைத்தலைவர் கிட்ட வேலை பாத்த ஆப்பிரிக்க சாமுராய், வரலாத்துல நிஜமாவே இருந்த ஆளு. கதவ மோதி ஒடச்சிட்டு உள்ள போவாரு, கனாபோங்கிற அந்த இரும்பு தண்டத்த தூக்கினா ஒரே அடியில ஆள் பறக்கும். ஆனா மதில் ஏற வராது, ஒளிய வராது. எழுத்துல பாத்தா பிரமாதமான யோசனை, தனித்தனியா பாத்தா ரெண்டு பேருமே எனக்கு பிடிச்சவங்க தான்.

இப்ப பத்து நாள் கழிச்சு வந்து உக்காருறேன்னு வைங்க. கடைசியா சேவ் ஆனது யசுகேல. கோட்ட மதில் பக்கத்துல நிக்கிறேன், மேல ஒரு காவலாளி பாத்துட்டான், என் கட்டைவிரல் யோசிக்கிறதுக்கு முன்னாடியே கொக்கிய தேடுது. யசுகே கிட்ட கொக்கி கிடையாது. அடுத்த நொடி ஆறு பேர் சுத்தி நிக்கிறாங்க. சரின்னு அடிச்சு முடிச்சு, வெளிய வந்து நவோயேக்கு மாத்துறேன், இப்ப கை யசுகேக்கு பழகிருச்சு, மறைஞ்சு போக வேண்டிய எடத்துல முட்டி மோதுறேன். சண்ட நடக்குறப்ப ஆள மாத்தவும் விடாது, வெளிய வந்து தான் மாத்தணும். ஒரு ஆளுக்கு பழகின கை இன்னொரு ஆளுக்கு இடைஞ்சலா வருது. தினமும் விளையாடுறவனுக்கு இது அரை மணி நேரத்துல சரியாயிரும். எனக்கு கிடைக்கிறதே ரெண்டு மணி நேரம், அதுல அரை மணி பழகவே போயிரும், மறுபடி கைக்கு வர்றதுக்குள்ள அடுத்த தடவ கடலுக்கு போற நேரம் வந்துரும்.

யோட்டெய்ல இது எப்படி இருக்குன்னு பாருங்க. அட்சுக்கும் வித்தைக்கு குறைச்சல் இல்ல. கட்டானா கையில இருக்கு, அது போக ரெட்டைக் கத்தி, யாரிங்கிற ஈட்டி, ஓடாச்சிங்கிற பெரிய கத்தி, குசாரிகாமாங்கிற சங்கிலி அருவா, இது ஒவ்வொன்னையும் ஊர் ஊரா போய் ஒவ்வொரு வாத்தியார் கிட்ட கத்துக்கணும். ஈட்டிக்காரன் வந்தா ரெட்டைக் கத்தி, கேடயத்தோட வந்தா குசாரிகாமா, மலை மாதிரி தடியன் வந்தா ஓடாச்சி. மாறுறது ஆயுதம் மட்டும் தான். ஓடுறது, தாவுறது, உருளுறது, எதிரி வீச்ச தட்டி விடுறது எல்லாம் அதே அட்சு, அதே வேகம். அதனால எத்தன நாள் கழிச்சு வந்தாலும் மொத சண்டையில கொஞ்சம் தடுமாறி ரெண்டாவதுல கை செட் ஆயிருது. வெரைட்டியும் கெடைச்சிருச்சு, பழக்கமும் கெடல. மழைக்கால அக்டோபர், நவம்பர்ல கடல் சரியில்லாத நாளா பாத்து விட்டு விட்டு விளையாடினேன், எந்த எடத்துலயும் அந்நியமா தெரியல.

கதைக்கும் இது உதவுது. எசோவுல, இன்னக்கி ஹொக்கைடோன்னு சொல்ற எடம், சின்ன வயசுல குடும்பத்த கொன்னு இவளையும் எரியுற மரத்துல குத்தி வச்சிட்டு போன ஆறு பேர தேடி பதினாறு வருஷம் கழிச்சு அட்சு வர்றா. பழைய வீட்டுக்கு போனா ஒரு தொடுதல்ல அந்த வீடு சின்ன வயசுக்கு மாறுது, அம்மா ஷாமிசென்ங்கிற தந்தி வாத்தியம் வாசிக்க கத்துக்குடுக்குறாங்க, மறுபடி தொட்டா எரிஞ்ச வீடு. அந்த எடத்துல கொஞ்ச நேரம் கண்ட்ரோலர வச்சிட்டு சும்மா உக்காந்துட்டேன். ஷேடோஸ்லயும் நவோயே கதை ஆரம்பத்துல நல்லா புடிச்சு இழுக்குது, பல மணி நேரம் அவளோடயே போறோம், யசுகேய முன்கதையில காட்டிட்டு ரொம்ப தள்ளி தான் கையில குடுக்குறாங்க, அதுக்கப்புறம் பாசம் ரெண்டா பிரியுது. எனக்கு அப்படித்தான் பட்டுச்சு.

ஜின்ன விட்டது சரியான்னு கேக்குறவங்க நெறைய. 2020ல வந்த சுஷிமாவ நானும் நெஞ்சுல வச்சிருக்கேன். ஆனா ஜின் கதை 1274 மங்கோலியர் படையெடுப்போட முடிஞ்ச கதை, அட்சு கதை அதுக்கு 329 வருஷம் கழிச்சு. கோஸ்ட்ங்கிறது அந்த முகமூடி தான, யார் வேணா போட்டுக்கலாம். எல்லா சீரிஸுக்கும் இது செல்லாது, கிராடோஸ் இல்லாம காட் ஆஃப் வார்ர யோசிக்க முடியுமா? 2022 ராக்னராக்ல சில பகுதிக்கு அவர் மகன் ஏட்ரியஸ நம்ம கையில குடுத்தாங்க, அந்த அயர்ன்வுட் பகுதி அழகா இருந்தாலும் ரொம்ப நேரம் இழுக்குது, எப்படா கிராடோஸோட கோடாரி கைக்கு வரும்னு தான் மனசு கேட்டுச்சு.

நியாயமா பேசணும்னா பல ஹீரோவ வச்சு ஜெயிச்சதும் இருக்கு. ஜிடிஏ 5, 2013. மைக்கேல், ஃப்ராங்க்ளின், ட்ரெவர்னு மூணு பேர், ஆனா வண்டி ஓட்டுறதும் சுடுறதும் மூணு பேருக்கும் ஒன்னு தான், ஆளுக்கொரு தனித்திறமை மட்டும் வேற. வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் விளையாடி வளந்த கைக்கு புதுசா ஒன்னும் படிக்க வேண்டியதில்ல. ஸ்பைடர்மேனும் அப்படித்தான், 2018ல பீட்டர், 2020ல மைல்ஸுக்கு தனி கேம், அவன் நமக்கு நல்லா பழகின பிறகு 2023ல ரெண்டு பேரையும் சேத்து விட்டாங்க, வல வீசி தொங்குறது ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. ரெண்டு பேர் வேணும்னா இது தான் சரியான முறைன்னு நினைக்கிறேன், மொதல்ல தனி வீடு, அப்புறம் கூட்டுக்குடும்பம். யாகுசா 4ல நாலு ஹீரோ, அதுல நான் ஆரம்பம் மட்டும் தான் விளையாடிருக்கேன், அத வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஷேடோஸுக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்கு, அத சொல்லாம விட்டா பாவம். வீட்ல ரெண்டு பேர் விளையாடுறீங்கன்னா அது அருமையான கேம். லெவல் ரெண்டு பேருக்கும் பொது, அதனால ஒரே சேவ்ல நானும் தம்பியும் மாத்தி மாத்தி ஆடினோம். நான் நவோயே, அவன் யசுகே. "அண்ணே நீ ஒளிஞ்சு ஒளிஞ்சு போறதுக்குள்ள விடிஞ்சிரும், குடு, நான் வாசல் வழியா போறேன்"ம்பான். அவனுக்கு காலேஜ் லீவு, தினமும் ஒரே ஆள வச்சு ஆடினான், கைப்பழக்க பிரச்சனையே அவனுக்கு வரல. டிஸ்க்க குடுக்குறேன்னதும் ஒரு நாள் முழுக்க பேசல. தினமும் நேரம் இருக்கவங்க, வீட்ல கூட ஆட ஆள் இருக்கவங்க நான் சொல்றத அப்படியே எடுத்துக்க வேணாம், அவன் பேச்சையும் கணக்குல வைங்க.

அடுத்து ஜிடிஏ 6, ஜேசன், லூசியான்னு ரெண்டு பேர், 2026 நவம்பர் 19ன்னு தேதி சொல்லிருக்காங்க. டிரைலர்ல கதை, ஊரு, கூட்டம் எல்லாம் பாத்தாச்சு. வந்ததும் நான் மொதல்ல பாக்கப்போறது ஒன்னே ஒன்னு: ஜேசன்ல இருந்து லூசியாவுக்கு மாத்துறப்ப வண்டியும் துப்பாக்கியும் அதே கைக்கு வருதா. வந்துச்சுன்னா ரெண்டு பேர் இல்ல, நாலு பேர போட்டாலும் வாங்குறேன்.